ஐடியா ஸ்டான்ஃபோர்ட்ல, உற்பத்தி சென்னைல: எம்ப்ரேஸ் வார்மர் பத்தி ஒரு நிகழ்வு ஆய்வு

ஏழை மக்களுக்காக காலேஜ் பசங்க கண்டுபிடிச்ச கருவின்னு யாராவது லிஸ்ட் போட்டா அதுல எம்ப்ரேஸ் இல்லாம இருக்காது. குறைமாசத்துல பொறந்த குழந்தைய சூடு குறையாம பார்த்துக்கற குட்டி ஸ்லீப்பிங் பேக், அதுக்குள்ள ஒரு மெழுகு பவுச், கரன்ட்ல இருந்து எடுத்ததுக்கு அப்புறமும் நாலு மணி நேரத்துக்கு மேல 37 டிகிரிலயே நிக்கும். 2007ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டில ஒரு க்ளாஸ் ப்ராஜெக்டா ஆரம்பிச்சது. இதப் பத்தி பேசறவங்க எல்லாரும் அந்த க்ளாஸ்ரூமப் பத்தி நிறைய பேசுவாங்க, அப்புறம் நேரா "லட்சக்கணக்கான குழந்தைகளுக்குப் பயன்பட்டுச்சு"ன்னு கடைசி ஸ்லைடுக்குத் தாவிடுவாங்க. நடுவுல இருக்கற பத்து வருஷம்தான் மேட்டரே. அந்தப் பத்து வருஷம் வந்து சேர்ற இடம் நம்ம சென்னை, அது நிறைய பேருக்குத் தெரியாது.

நான் பயோமெடிக்கல் சர்வீஸ்ல இருக்கேன். வார்மர், போட்டோதெரபி, இன்ஃப்யூஷன் பம்ப்னு பச்சக்குழந்தைங்க வார்டு மெஷின்தான் பொழப்பு. அதனால இந்தக் கேஸ டிசைன் பக்கத்துல இருந்து பார்க்கறத விட, மெஷின் நின்னா யாருக்கு போன் போகும்ங்கற பக்கத்துல இருந்து பார்க்கறதுதான் எனக்கு வரும். ஃபைனல் இயர் பசங்க நிறைய பேர் "சமூகப் பயன்பாடு"ன்னு ப்ராஜெக்ட் தலைப்பு எடுத்துட்டு வந்து எம்ப்ரேஸ மேற்கோள் காட்டறாங்க, அவங்களுக்காகத்தான் இத விரிவா எழுதறேன்.

முதல்ல பிரச்சனை என்னன்னு புரியணும். பொறந்த குழந்தை ஈரத்தோட வெளிய வருது, உடம்பு எடையோட ஒப்பிட்டா தோல் பரப்பு ஜாஸ்தி, நமக்கு குளிர்ற மாதிரி நடுங்கி சூடு உண்டாக்கத் தெரியாது. நிறைமாசக் குழந்தைக்கு முதுகுப் பக்கம், கழுத்துப் பக்கம் பழுப்புக் கொழுப்புன்னு ஒண்ணு இருக்கும், அத எரிச்சு சமாளிச்சுக்கும். குறைமாசக் குழந்தைக்கு அதுவும் பத்தாது. 36.5 டிகிரிக்குக் கீழ போனாலே உலக சுகாதார நிறுவனம் அத குளிர்ச்சி நிலைன்னு சொல்லுது, 32க்குக் கீழன்னா ரொம்ப ஆபத்து. குளிர்ல மட்டும் குழந்தை செத்துப்போகுதுன்னு நேரா சொல்ல முடியாது, ஆனா சூடு குறைஞ்சா உடம்புல இருக்கற சர்க்கரை தீரும், மூச்சுக்குக் கூடுதலா ஆக்சிஜன் வேணும், பால் குடிக்காது, கிருமி தொத்தும். ஒண்ணு இன்னொண்ண இழுத்துட்டு வரும். அந்தப் பசங்க க்ளாஸ் எடுத்த காலத்துல உலகத்துல வருஷத்துக்கு கிட்டத்தட்ட 40 லட்சம் குழந்தைங்க பொறந்த முதல் மாசத்துலயே இறந்துட்டிருந்தாங்கன்னு கணக்கு. 2022ல அது 23 லட்சம்.

இதுல வறுமை எங்க வருதுன்னா எல்லா இடத்துலயும் வருது. அம்மாவுக்கு ரத்தசோகை, அதனால குழந்தை எடை கம்மி. பக்கத்துல இருக்கற சின்ன ஆஸ்பத்திரில வசதி இல்ல, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வேணும், போற வழில குழந்தை குளிர்ந்து போயிடும். அங்க போய்ச் சேர்ந்தா அப்பா வேலைக்குப் போக முடியாது, வீட்டுல மூத்த குழந்தைய யார் பார்த்துப்பா, தனியார்னா ஒரு நாளைக்கு ஆகற பில்லுக்கு கம்மல் கூட தாங்காது. எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி வெளிய சாயங்காலம் போய் நின்னு பாருங்க, வெளியூர்ல இருந்து வந்து பாய விரிச்சு உக்காந்திருக்கறவங்க கிட்ட அஞ்சு நிமிஷம் பேசினாலே இந்த பாரா முழுக்க அவங்களே சொல்லிடுவாங்க.

சரி, க்ளாஸுக்கு வருவோம். ஸ்டான்ஃபோர்ட்ல ஜிம் பட்டேல்ங்கற ப்ரொஃபசர் ஆரம்பிச்ச கோர்ஸ், பேரு "டிசைன் ஃபார் எக்ஸ்ட்ரீம் அஃபோர்டபிலிட்டி". வேற வேற டிபார்ட்மென்ட் பசங்கள ஒரே டீம்ல போட்டு, ஏழை நாடுகள்ல இருக்கற ஒரு நிஜப் பிரச்சனையக் கொடுத்து, ரெண்டு டெர்ம் ஓட விடுவாங்க. சோலார் லேம்ப் விக்கற டி.லைட் கம்பெனியும் இதே கோர்ஸ்ல இருந்து வந்ததுதான். எம்ப்ரேஸ் டீம்ல நாலு பேர்: ஜேன் சென், லைனஸ் லியாங், நாகானந்த் மூர்த்தி, ராகுல் பணிக்கர். பணிக்கர் நம்ம ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல படிச்சுட்டுப் போனவர், அதாவது கிண்டி காட்டு மானப் பார்த்துட்டே லேபுக்கு நடந்தவர். அவங்களுக்குக் கொடுத்த வேலை: 20,000 டாலர் ஆகற இன்குபேட்டர (குழந்தைய உள்ள வச்சு சூடா பார்த்துக்கற பொட்டி) அதுல ஒரு சதவீதத்துக்கும் கம்மியான விலையில செஞ்சு காட்டுங்க. அப்போ டாலர் நாப்பது ரூபா சொச்சம், அதாவது எட்டு லட்ச ரூபா பொருள எட்டாயிரத்துக்கு.

இந்த இடத்துல நம்ம ஊர் டீமா இருந்தா என்ன பண்ணியிருக்கும்னு எனக்கு நல்லாவே தெரியும். ஃபைபர் பொட்டி, அதுக்குள்ள ஹீட்டர், ஒரு ஆர்டுயினோ (பசங்க ப்ராஜெக்ட்டுக்கு வாங்கற குட்டி கன்ட்ரோல் போர்டு), டெம்பரேச்சர் சென்சர், மொபைல் ஆப்ல அலர்ட். மொத்தச் செலவு ஆறாயிரம், டார்கெட் முடிஞ்சது, ஃபோட்டோ எடுத்தாச்சு. அவங்களும் முதல்ல அந்த வழியில யோசிக்காம இருந்திருக்க மாட்டாங்க. ஆனா லைனஸ் லியாங் நேபாளம் போய் காத்மாண்டு ஆஸ்பத்திரில பார்த்தது வேற. தானமா வந்த இன்குபேட்டர் எல்லாம் வார்டுல சும்மா கிடந்தது. மெஷின் இருக்கு, குழந்தை இல்ல. ஏன்னா அந்தக் குழந்தைங்க மலை கிராமத்துல, வீட்டுல பொறந்து, ஆஸ்பத்திரி வர்றதுக்கு முன்னாடியே போயிடுது. அப்போ ஆஸ்பத்திரிக்கு விலை கம்மியா இன்னொரு இன்குபேட்டர் செஞ்சு என்ன ஆகப்போகுது? "விலை கம்மியான இன்குபேட்டர்"ங்கற கேள்விய அவங்க தூக்கிப்போட்டுட்டு, "கரன்ட் இல்லாத இடத்துல, ட்ரெயினிங் இல்லாத ஆள் கையில, குழந்தைய எப்படி சூடா வச்சிருக்கறது"ன்னு மாத்திக்கிட்டாங்க. என்னக் கேட்டா அந்த மொத்த கோர்ஸ்லயும் பெரிய கண்டுபிடிப்பு இதுதான், மெழுகு அப்புறம்தான்.

மெழுகு எப்படி வேலை செய்யுதுன்னா, ஐஸ் போட்ட தண்ணி ஐஸ் முழுசா உருகற வரைக்கும் ஜீரோ டிகிரிலயே நிக்கும்ல, அதே கணக்கு. இது 37 டிகிரி பக்கத்துல உருகற மெழுகு. ஹீட்டர்ல வச்சு உருக்கி, பேக்கோட முதுகுப் பக்க பாக்கெட்டுல சொருகிட்டா, திரும்ப இறுகி முடியற வரைக்கும் அந்த சூட்டுலயே இருக்கும். குழந்தை சூடு கம்மியா இருந்தா சூடு கொடுக்கும், குழந்தை சூடு ஏறினா வாங்கிக்கவும் செய்யும். சென்சர் இல்ல, போர்டு இல்ல, ஃபேன் இல்ல. சர்வீஸ் ஆளா எனக்கு இதுல பிடிச்சதே கெட்டுப்போக உள்ள ஒண்ணும் இல்லங்கறதுதான் (என் பொழப்புக்கு அது நல்லதில்லன்னு வைங்க). பேக்ல தையல் இடுக்கு இல்லாம செஞ்சிருந்தாங்க, அழுக்கும் கிருமியும் தங்காது, ஆயாம்மா சோப்புத் தண்ணில துடைச்சு வச்சுடலாம். இத சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. வார்டுல ஒரு பொருள் உயிரோட இருக்குமா இருக்காதான்னு பாதி நேரம் முடிவு பண்றது அத கழுவறவங்கதான்.

அந்த 20,000 டாலர் கணக்குல எனக்கு ஒரு முரண்பாடு உண்டு, அதையும் சொல்லிடறேன். மேடைல பேசறப்ப அந்த எண்ணு கெத்தா இருக்கும். ஆனா நம்ம தாலுகா ஆஸ்பத்திரி அந்த விலைக்கு எந்தக் காலத்துலயும் இன்குபேட்டர் வாங்கினது கிடையாது. இங்க இருந்தது ரேடியன்ட் வார்மர், அதாவது மேல ஹீட்டர் கம்பி, கீழ தொட்டில், குழந்தை வயித்துல ஒட்டி சூடு பார்க்கற ஸ்கின் ப்ரோப். இந்தியாவுலயே செய்யறாங்க, விலையும் அதுல பல மடங்கு கம்மி. அதுவும் இல்லாத இடத்துல இருநூறு வாட்ஸ் குண்டு பல்ப கட்டித் தொங்கவிட்டு குழந்தைய கீழ படுக்க வைப்பாங்க, இல்ல வெந்நீர் பாட்டில துணியில சுத்தி பக்கத்துல வைப்பாங்க, தோல் சுட்டுப்போன கேஸும் நடக்கும். அப்போ எம்ப்ரேஸோட நிஜப் போட்டி அமெரிக்க இன்குபேட்டர் கூட இல்ல, இந்த குண்டு பல்ப் கூடவும் ப்ரோப் பிஞ்சு போன லோக்கல் வார்மர் கூடவும்தான். போட்டி யாரோடன்னு தப்பா எழுதினா விலைக்கணக்கும் தப்பாத்தான் வரும்.

க்ளாஸ் முடிஞ்சது, 2008ல லாப நோக்கம் இல்லாத அமைப்பா பதிவு பண்ணி, பெங்களூருக்கே குடி வந்துட்டாங்க. இத நான் மதிக்கறேன். அங்க உக்காந்துட்டு லீவுக்கு லீவு வந்து பார்த்துட்டுப் போற டீம் இல்ல. 2009 நவம்பர்ல மைசூர்ல நடந்த டெட் இந்தியாங்கற பேச்சு நிகழ்ச்சி மேடைல ஜேன் சென் பேசறப்ப 25 டாலர்ல இருந்து விலை ஆரம்பிக்கும்னு சொன்னாங்க. பொருள் மார்க்கெட்டுக்கு வந்தது 2011ல, அப்போ பேசப்பட்ட விலை 200 டாலர் பக்கம். யாரும் ஏமாத்தல, விலை இப்படித்தான் ஏறும். பவுச்சும் பையும் மட்டும் செய்ய ஆகற செலவு ஒண்ணு. அத மருத்துவக் கருவின்னு விக்கணும்னா தரச்சான்று, குழந்தைங்க கிட்ட சோதிச்ச ஆதாரம், சூடு கட்டுப்பாட்டோட உருக்கற ஹீட்டர், பேக்கிங், டீலர் கமிஷன், வார்டுல போய் சிஸ்டர்களுக்கு சொல்லிக்கொடுக்க ஆள், அந்த சிஸ்டர் ட்ரான்ஸ்ஃபர் ஆகிட்டா புதுசா வர்றவங்களுக்கு திரும்ப சொல்லிக்கொடுக்க ஆள். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல "உற்பத்திச் செலவு"ன்னு பசங்க போடற எண்ணு இதுல முதல் வரி மட்டும்தான்.

டிசைன் பக்கம் அவங்க இந்தியா வந்து கத்துக்கிட்டது ஒண்ணு ரொம்ப பிரபலம். பவுச்ல டெம்பரேச்சர் எண்ணு காட்டற மாதிரிதான் முதல்ல வச்சிருந்தாங்க. இங்க அம்மாமாருக்கிட்ட பேசினா, இங்கிலீஷ் மருந்து ரொம்ப வீரியம், டாக்டர் சொன்னதுல கொஞ்சம் குறைச்சுத்தான் குழந்தைக்குக் கொடுப்போம், அது மாதிரி 37னு சொன்னா நாங்க ஒரு 30ல வச்சுப்போம்ங்கற மாதிரி பதில் வந்திருக்கு. சிரிக்காதீங்க, ஒரு மூடி சிரப்பு சொன்னா அரை மூடி ஊத்தற வீடு நம்ம தெருவுலயே இருக்கு. எண்ண எடுத்துட்டு, சரியா இருக்கா இல்லையான்னு மட்டும் காட்டற மாதிரி மாத்திட்டாங்க.

இதெல்லாம் டிசைன். மாட்டினது வாங்கறவங்க விஷயத்துல.

யோசிச்சுப் பாருங்க, இந்தப் பொருளுக்குள்ள இருக்கறது குழந்தை, மடியில வச்சிருக்கறது அம்மா, யூஸ் பண்ணச் சொல்றது டாக்டர், மெழுக உருக்கறது சிஸ்டர், பணம் கொடுக்கறது அரசாங்கமோ ட்ரஸ்டோ. வீட்டுலயே வச்சுக்கலாம்னு ஆரம்பிச்ச ஐடியா, ஆனா கிராமத்துக் குடும்பம் குழந்தை பொறக்கறதுக்கு முன்னாடியே "குறைமாசமா பொறந்தா என்ன பண்றது"ன்னு ஒண்ண வாங்கி பீரோல வைக்குமா? நம்ம ஊர்ல வளைகாப்பு முடியறதுக்கு முன்னாடி தொட்டில் கூட வாங்க மாட்டாங்க. அதனால வாங்கறது ஆஸ்பத்திரின்னு ஆயிடுச்சு. ஆஸ்பத்திரின்னா டெண்டர். தமிழ்நாட்டுல மருந்து, கருவி எல்லாம் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழியா மொத்தமா வாங்கறாங்க, நல்ல சிஸ்டம், வேற மாநிலங்களே வந்து பார்த்துட்டுப் போன சிஸ்டம். ஆனா எந்த மாநிலமா இருந்தாலும் டெண்டர்னா ஸ்பெசிஃபிகேஷன் எழுதணும், நாலு கம்பெனி விலை போடணும், கம்மி விலைக்காரன் எல்1. உலகத்துலயே ஒரே ஆள் செய்யற பொருளுக்கு எப்படி எல்1 பார்ப்பீங்க? புதுசா ஒரு வகைக் கருவியவே கண்டுபிடிச்சுட்டோம்னு மாணவர்கள் பெருமையா சொல்றது, வாங்கற ஆபீஸர் டேபிள்ல தலைவலியா வந்து உக்காரும். ஆடிட்ல கேள்வி வந்தா பதில் சொல்லப்போறது அவர்தானே.

நடுவுல ஜி.இ. ஹெல்த்கேர்ங்கற பெரிய மருத்துவக் கருவி கம்பெனி கூட விநியோக ஒப்பந்தம் போட்டாங்க. கேக்க பிரமாதமா இருக்கும், உலகம் முழுக்க நெட்வொர்க். ஆனா ஒரு சேல்ஸ் ரெப் இடத்துல இருந்து பாருங்க. காலைல பைக் எடுத்து ஒரு ஆஸ்பத்திரி போறார், டாக்டரப் பார்க்க ரெண்டு மணி நேரம் காத்திருக்கணும், அந்த ரெண்டு மணி நேரத்துல ஸ்கேன் மெஷினும் விக்கலாம், சில ஆயிரம் ரூபா ஸ்லீப்பிங் பேக்கும் விக்கலாம். டார்கெட் இருக்கறவர் எதப் பேசுவார்? விலை கம்மிங்கறதே விக்கறவருக்கு ஒரு குறைதான், ஏழைகளுக்கான பொருள் எல்லாத்துக்கும் இந்த சாபம் உண்டு.

2012ல அமைப்ப ரெண்டாப் பிரிச்சாங்க, தானமா கொடுக்கறது ஒரு பக்கம், விக்கற கம்பெனி ஒரு பக்கம். 2015ல அமெரிக்கப் பெற்றோருக்கு லிட்டில் லோட்டஸ்னு குழந்தைய சுத்தற துணி கூட போட்டாங்க, இங்க நடத்த பணம் அங்க இருந்து வரட்டும்னு. கவனிங்க, குறைமாசக் குழந்தைய காப்பாத்த ஆரம்பிச்ச டீம், கலிஃபோர்னியால நடுராத்திரி தூக்கம் வராத குழந்தைக்குத் துணி வித்துட்டிருக்கு. கிண்டல் பண்ணல, மாசம் பொறந்தா சம்பளம் கொடுக்கணும்ல. அந்தத் துணி விக்கற நேரத்துல எத்தனை ஜில்லா ஆஸ்பத்திரி ஏறி இறங்கியிருக்கலாம்னு மட்டும்தான் தோணுது.

கடைசில தயாரிப்பும் விற்பனையும் வந்து சேர்ந்தது சென்னைல, ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ்ங்கற கம்பெனி கைக்கு. இவங்க ரொம்ப வருஷமா பச்சக்குழந்தைங்க வார்டுக்கான வார்மர், போட்டோதெரபி யூனிட்னு செஞ்சுட்டு வர்றவங்க. டெட் மேடைல ஏறினவங்க இல்ல, ஆனா டெண்டர்னா என்னன்னு தெரியும், எந்த டாக்டர் எந்த ஊர்ல இருக்கார்னு தெரியும், ஸ்பேர் எந்த பஸ்ல போட்டா காலைல போய்ச் சேரும்னு தெரியும். எம்ப்ரேஸ் அவங்க கேட்டலாக்ல இன்னொரு பொருள், மத்த மெஷின் விக்கப் போறப்ப கூடவே பேசலாம், அதுக்காகத் தனியா ஒருத்தர் வண்டி எடுக்க வேணாம். ஒத்தப் பொருள் வச்சிருக்கற ஸ்டார்ட்அப் எவ்ளோ முட்டினாலும் இந்தக் கணக்கு வராது. இன்னைக்கு வரைக்கும் பத்து லட்சம் குழந்தைகளுக்கு மேல எம்ப்ரேஸ் போய்ச் சேர்ந்திருக்குன்னு அந்த அமைப்பு சொல்லுது.

இது தற்செயல்னு நான் நினைக்கல, ஏன்னா இதே கம்பெனிக்கு இன்னும் ரெண்டு பொருள் இதே மாதிரி வந்திருக்கு. ஒண்ணு ப்ரில்லியன்ஸ், குழந்தைங்க மஞ்சக்காமாலைக்கு ப்ளூ லைட். டீ-ரெவ்னு ஒரு அமெரிக்க லாப நோக்கமில்லாத அமைப்பு டிசைன் பண்ணது, 2012ல இருந்து சென்னைல உற்பத்தி. அந்த லைட் ஏன் தேவைப்பட்டுச்சுன்னு சர்வீஸ் ஆளக் கேட்டா ஒரே நிமிஷத்துல சொல்லுவான். பழைய போட்டோதெரபி யூனிட்ல ப்ளூ ட்யூப் இருக்கும், அதுக்கு ஆயுசு கம்மி, விலை ஜாஸ்தி, எல்லாக் கடையிலயும் கிடைக்காது. ஒண்ணு ஃப்யூஸ் போச்சுன்னா எலெக்ட்ரீஷியன் வந்து சாதா வெள்ளை ட்யூப்லைட்ட மாட்டிட்டுப் போயிடுவார். பார்க்கறதுக்கு பளிச்சுனு எரியும், எல்லாருக்கும் திருப்தி, ஆனா காமாலைக்குக் காரணமான பிலிருபின்ங்கற மஞ்சள் பொருள உடைக்கற நீல அலைநீளம் அதுல தேவையான அளவு கிடையாது, குழந்தை விளக்குக் கீழயே படுத்திருக்கும், காமாலை சரியா இறங்காது. எரியற விளக்க யார் சந்தேகப்படுவா? ப்ளூ எல்.இ.டி. போட்டதுல அந்த பல்ப் மாத்தற வேலையே வருஷக்கணக்குல வராது. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது மெஷின விட ஒப்பந்தம்தான். அரசு ஆஸ்பத்திரி, வசதி இல்லாத ஆஸ்பத்திரிக்கு வித்தா கம்பெனி டீ-ரெவ்வுக்குக் கொடுக்க வேண்டிய ராயல்டி கம்மி, பெரிய தனியாருக்கு வித்தா ஜாஸ்தி. மேல சொன்ன அந்த சேல்ஸ் ரெப் சாபத்துக்கு மருந்து இதுல இருக்கு, யாரும் தியாகம் பண்ண வேணாம், கணக்கு தானா அந்தப் பக்கம் சாயும்.

இன்னொண்ணு 2019 நவம்பர்ல வந்த அரைஸ். ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல டி.டி.கே. பேர்ல இருக்கற, மாற்றுத்திறனாளிகளுக்கான கருவி செய்யற ஆர்2டி2 மையம், சுஜாதா ஸ்ரீனிவாசன் தலைமையில செஞ்ச ஸ்டாண்டிங் வீல்சேர், உக்காந்திருக்கறவங்க தானே நெம்பி எழுந்து நிக்கலாம். அப்போ விலை கிட்டத்தட்ட 15,000 ரூபா. ஆராய்ச்சிக்கு நிதி கொடுக்கற பிரிட்டன் அமைப்பு வெல்கம் ட்ரஸ்ட் பணம் கொடுத்தாங்க, உற்பத்தி திரும்ப ஃபீனிக்ஸ். இங்க தயாரிப்பாளர் ஆரம்பத்துல இருந்தே கூட இருந்தாங்க, அதனால எம்ப்ரேஸுக்கு ஆன அந்த அலைச்சல் இதுக்கு ஆகல.

கரன்ட் பத்தியும் ஒரு வார்த்தை. எம்ப்ரேஸ் மார்க்கெட்டுக்கு வந்த நேரம், 2012ல, தமிழ்நாட்டுல கரன்ட் கட் எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கும். சென்னைல ரெண்டு மணி நேரம்னு டைம்டேபிள் போட்டு கட் பண்ணாங்க, மாவட்டங்கள்ல பத்து மணி நேரத்துக்கு மேல எல்லாம் போச்சு. ஜெனரேட்டர் டீசலுக்குக் காசில்லாத நர்சிங் ஹோம் எல்லாம் வார்மர் இருந்தும் இல்லாத மாதிரிதான். இன்னைக்கு அந்த நிலைமை இல்ல, ஊர்ல கரன்ட் இருக்கு, 108 ஆம்புலன்ஸ் இருக்கு, பெரும்பாலும் பிரசவம் ஆஸ்பத்திரிலதான். அப்போ இங்க இந்த பேக்கோட இடம் சுருங்கி, சின்ன சென்டர்ல இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்தற அந்தப் பயண நேரத்துல போய் நிக்குது. ப்ராஜெக்ட் ஆரம்பிச்ச வருஷத்துல இருந்த பிரச்சனை, பொருள் வர்ற வருஷத்துல அதே வடிவத்துல இருக்காது.

சென்னையோட சொந்த மாணவர் கேஸ் ஒண்ணையும் பக்கத்துல வச்சுப் பார்க்கணும், இது குழந்தை வார்டு இல்ல, செப்டிக் டேங்க். ஹோமோசெப்னு ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல ஒரு மாஸ்டர்ஸ் மாணவரோட ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், வழிகாட்டி ப்ரொஃபசர் பிரபு ராஜகோபால். 2019ல கார்பன் ஜீரோ சேலஞ்ச்ங்கற போட்டில காட்டினாங்க. டேங்க் லாரி மேல இருக்கற தண்ணிய உறிஞ்சிடும், அடியில இறுகிப்போன கசடு வராது, அதக் கலக்கி விடத்தான் மனுஷன உள்ள இறக்குவாங்க, உள்ள இருக்கற விஷவாயு ஆள விடாது. ஹோமோசெப் வாய் வழியா மடங்கி உள்ள போய், அடியில விரிஞ்சு சுத்தற இறக்கைகளால கசடக் கலக்கும், அப்புறம் உறிஞ்சிடலாம். ஆள இறக்கறது 2013 சட்டப்படி குற்றம். செத்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம்னு 2014ல சுப்ரீம் கோர்ட் சொன்னது, 2023ல அத 30 லட்சமா உயர்த்துச்சு. ஆனாலும் நம்ம புறநகர்ல இன்னும் செய்தி வந்துட்டுத்தான் இருக்கு.

இதுல பசங்களும் ப்ரொஃபசரும், மனுஷங்க கழிவு அள்றத ஒழிக்கப் போராடற சஃபாய் கர்மசாரி அந்தோலன் அமைப்போட சேர்ந்து எடுத்த முடிவுதான் முக்கியம். மெஷின யாருக்குக் கொடுக்கறது? ஒரு கான்ட்ராக்டருக்குக் கொடுத்திருந்தா ஆளுக்குப் பதிலா மெஷின் இறங்கும், உயிர் பிழைக்கும், ஆனா அந்த ஆளோட கூலி போயிடும். அதனால முதல் யூனிட்டுகள, இந்த வேலையில புருஷன இழந்த பெண்கள் நடத்தற சுயஉதவிக் குழுக்களுக்குக் கொடுத்தாங்க, பணம் சி.எஸ்.ஆர். நிதி, அதாவது கம்பெனிங்க சமூக சேவைக்குன்னு ஒதுக்கற பணம். 2022ல தமிழ்நாடு முழுக்க பத்து யூனிட் திட்டம்னு அறிவிச்சாங்க. எம்ப்ரேஸ் கதைல பல வருஷம் கழிச்சு வந்த "யார் கையில இருக்கணும்"ங்கற கேள்விய இவங்க முதல்லயே கேட்டுட்டாங்க. ஆனா சி.எஸ்.ஆர். பணம் ஒரு தடவ வரும், இறக்கை தேய்ஞ்சா, மோட்டார் காயில் எரிஞ்சா அதுக்கு யார் கொடுப்பா? குழுவுக்கு மாசத்துக்கு எத்தனை டேங்க் வேலை நிச்சயமா கிடைக்கும்? மாநகராட்சியும் குடிநீர் வாரியமும் வேலை ஆர்டர் கொடுக்கறதுலதான் அது நிக்கும், இறக்கையோட வடிவத்துல இல்ல.

திரும்ப குழந்தை வார்டு. எம்ப்ரேஸ் பத்திப் பேசிட்டு கங்காரு முறையப் பேசாம விட்டா அது பாதி ஆய்வு. 1978ல கொலம்பியாவோட பொகோட்டால எட்கர் ரேங்கற டாக்டர், இன்குபேட்டர் பத்தாம ஒண்ணுல ரெண்டு மூணு குழந்தைய போட்டுட்டிருந்த ஆஸ்பத்திரில, குழந்தைய அம்மா நெஞ்சுலயே தோலோட தோலா கட்டி வைக்கச் சொன்னார். செலவு ஒரு துணி. அப்போ வேற வழி இல்லாம பண்ணதுதான், ஆனா அதுதான் மருத்துவ ரீதியா ஜெயிச்சது. இந்தியா உட்பட அஞ்சு நாட்டுல உலக சுகாதார நிறுவனம் நடத்தின ஆய்வு 2021ல வந்தது. 1 கிலோவுல இருந்து 1.8 கிலோவுக்குள்ள பொறந்த குழந்தைகள, உடம்பு நிலைமை சீராகட்டும்னு காத்திருக்காம உடனே அம்மா நெஞ்சுல வச்ச குரூப்ல 28 நாள்ல இறப்பு 12 சதவீதம், வழக்கம் போல வார்மர்ல வச்சு அப்புறம் கொடுத்த குரூப்ல 15.7. வித்தியாசம் இவ்ளோ தெளிவா இருந்ததால ஆய்வயே முன்னாடி நிறுத்திட்டாங்க, 2022ல பொறந்த உடனே ஆரம்பிங்கன்னு வழிகாட்டுதலும் வந்துடுச்சு.

அப்போ எம்ப்ரேஸ் வேஸ்டான்னா இல்ல. அவங்களே அம்மா நெஞ்சுல வைக்க முடியாத நேரத்துக்குன்னுதான் சொல்றாங்க. சிசேரியன் ஆகி அம்மா ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கா, ரெட்டைக் குழந்தை, ஆம்புலன்ஸ் பயணம், அம்மாவே சீரியஸ். அந்த இடங்கள் கம்மி இல்ல. ஆனா ஒரு மெஷின் சர்வீஸ்காரனா நான் சொல்றதுக்கு கொஞ்சம் சங்கடம்தான், 20,000 டாலர் இன்குபேட்டரையும் 200 டாலர் மெழுகுப் பையையும் சேர்த்து ஒரு புடவை முந்தி தாண்டிப் போயிடுச்சு.

ஆனா அந்த புடவை முந்திக்கும் இடம் வேணும், இங்கதான் வேலை மிச்சம் இருக்கு. அந்த ஆய்வுக்கு அவங்க குழந்தை வார்டுக்குள்ளயே அம்மாவுக்கும் கட்டில் போட்ட தனி யூனிட்டே உருவாக்கினாங்க. நம்ம வார்டுல ரெண்டு வார்மருக்கு நடுவுல எவ்ளோ இடம் இருக்கும்? அம்மா உக்கார்றது பிளாஸ்டிக் ஸ்டூல்ல, முதுகுக்கு சாய்மானம் கிடையாது, தையல் போட்ட வயித்தோட எவ்ளோ நேரம் உக்காருவா? ஒரு மணி நேரத்துல வலி தாங்காம குழந்தைய திரும்ப வார்மர்ல விட்டுடுவா. மேல ஃபேன் காத்து வேற. சாயக்கூடிய, ஒடுக்கமான, ரத்தமோ பாலோ சிந்தினா துடைக்கக்கூடிய, வார்மர் ட்ராலி போக வழி விடற ஒரு நாற்காலி, அதுல சிசேரியன் ஆன பொண்ணு யார் உதவியும் இல்லாம எழுந்திருக்கணும். ஆர்டுயினோ வேணாம், ஆப் வேணாம். வெல்டிங் தெரிஞ்ச மெக்கானிக்கல் பசங்களும் வார்டுல ரெண்டு ராத்திரி முழிச்சிருக்கத் தயாரா இருக்கற ஒரு பொண்ணும் டீம்ல இருந்தா போதும். இந்தத் தலைப்ப எடுக்கறவங்க ட்ராயிங் போடறதுக்கு முன்னாடி, ஒரு அரசு ஆஸ்பத்திரில இந்த நாற்காலிய யார் இன்டென்ட் (வேணும்னு எழுதிக் கேக்கற சீட்டு) போட்டு வாங்குவாங்க, கால் ஒடிஞ்சா எந்த செக்ஷனுக்கு லெட்டர் போகும்னு அங்க ஸ்டோர்ல விசாரிச்சுட்டு வாங்க, மிச்சத்த அப்புறம் பேசிக்கலாம்.